மூளைக்கு முதல் 28 நாள்

நாள் தள்ளிப்போய்ப் பத்து நாள் கழித்துத்தான் அந்த வீட்டில் டெஸ்ட் கிட் வாங்குகிறார்கள். இரண்டு கோடு. மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும், "இப்பவே யார்கிட்டேயும் சொல்லாதம்மா. அறுபது நாள் ஆகட்டும், டாக்டரைப் போய்ப் பார்க்கலாம்" என்கிறார். மருமகளும் "சரிங்க அத்தை" என்கிறாள்.

அறுபதாம் நாள் டாக்டர் பரிசோதித்துவிட்டு, குட்டியாக ஒரு மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். ஃபோலிக் ஆசிட். "குழந்தையோட மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நல்லது. தினமும் ஒண்ணு போடணும்."

நம் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. யாருமே அலட்சியமாக இல்லை. ஆனால் அந்த மாத்திரை எந்த வேலைக்காக முக்கியமாகக் கொடுக்கப்படுகிறதோ, அந்த வேலை 18 நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது!

கணக்கைப் பார்த்தால் புரியும். டாக்டர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவதோ அதற்குச் சுமார் 14 நாள் கழித்து. ஆக, 'நாள் தள்ளிப்போச்சே' என்று நினைக்கும் அன்றே கருவுக்கு வயது இரண்டு வாரம். டாக்டரின் அறுபதாம் நாளில் 46 நாள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் மூடி முடிவது கருவின் 28-வது நாள் வாக்கில். அதாவது, டாக்டர் கணக்கில் 42-வது நாள்.

அந்தக் குழாய் உருவாகும் விதத்தைத் தீபாவளிக்குச் சோமாசி செய்தவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது வாரத்தில் கரு ஒரு மெல்லிய தட்டு மாதிரிதான் இருக்கிறது. மூன்று அடுக்கு. அதில் மேல் அடுக்கின் நடுப்பகுதி கொஞ்சம் தடிக்கிறது. பிறகு நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு ஓரங்களும் எழும்புகின்றன. எழும்பிய ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, ஒட்டிக்கொள்கின்றன. சோமாசி மாவை மடித்து விளிம்பை அழுத்துவது போலத்தான். ஒட்டுவது ஓர் ஓரத்தில் தொடங்குவதில்லை. 22-வது நாள் வாக்கில் கழுத்துப் பகுதியில் தொடங்கி, தலைப் பக்கமும் கீழ்ப் பக்கமும் நகர்கிறது. தலைப் பக்கத்து வாய் 25-வது நாள் வாக்கில் மூடும். கீழ்ப்பக்கத்து வாய் மூட இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். அப்போது மொத்தக் கருவும் ஓர் அரிசி மணியைவிடச் சிறியது.

இதில் ஓர் ஆச்சரியம். மூளையை உண்டாக்கும் அதே மேல் அடுக்குதான் தோலையும் உண்டாக்குகிறது. நம் மூளையும் தோலும் ஒரு தாய் மக்கள்!

குழாய் மூடும் நேரத்திலேயே அதன் தலைப்பக்கம் மூன்று இடத்தில் புடைக்க ஆரம்பிக்கிறது. முன்புடைப்பு வளர்ந்து வளர்ந்து பெருமூளை ஆகிறது. யோசிப்பது, பேசுவது, ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் அங்கே. நடுப்புடைப்பு அதிகம் வளராமல் பார்வை, செவி சம்பந்தமான சில வேலைகளோடு நின்றுவிடுகிறது. பின்புடைப்பிலிருந்து, தள்ளாடாமல் நடக்க வைக்கும் சிறுமூளையும், மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கும் முகுளமும் வருகின்றன. மீதிக் குழாய் அப்படியே நீண்டு தண்டுவடம். குழாயின் உள்ளே இருந்த வெற்றிடம் காணாமல் போவதில்லை. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளாக ஆயுள் முழுக்க இருக்கிறது.

நாம் படத்தில் பார்க்கும் மடிப்பு மடிப்பான மூளை வருவதற்கு ரொம்ப நாள் ஆகும். ஐந்தாம் மாதம் வரைக்கும் சிசுவின் மூளை ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். கடைசி மூன்று மாதத்தில்தான் மடிப்புகள் வேகமாக விழுகின்றன. பிறக்கும்போது எடை 350 முதல் 400 கிராம். பெரியவர்கள் ஆகும்போது 1,300, 1,400 கிராம். குங்குமப்பூ வாங்குவதும் வளைகாப்புக்கு நாள் பார்ப்பதும் இந்தப் பிந்தைய மாதங்களில்தான். அஸ்திவாரம் போட்டு அதற்குள் நாலைந்து மாதம் ஓடியிருக்கும்.

அஸ்திவாரத்தில் விளிம்பு எங்காவது ஒட்டாமல் விட்டால்? கீழ்ப்பக்கம் என்றால் முதுகெலும்பு அந்த இடத்தில் திறந்து, தண்டுவடம் வெளியே தெரியும். இதை ஸ்பைனா பைஃபிடா என்கிறார்கள். பிறந்ததும் ஆபரேஷன் செய்து மூடுவார்கள். இந்தக் குழந்தைகளில் நிறையப் பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள், படிக்கிறார்கள். கால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாதது, மூளையில் நீர் சேர்வது போன்ற தொல்லைகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவில் இருக்கும். தலைப்பக்கம் மூடாவிட்டால் நிலைமை வேறு. மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை.

ஒரு வைட்டமின் இதில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்று உலகம் கண்டுபிடித்த கதை நம் பக்கத்தையும் தொட்டுப் போகிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற லண்டன் டாக்டர் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒருவிதக் கொடிய ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. காரணத்தைத் தேடி குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணியில் நாம் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்லும் மருத்துவமனையிலும் அவர் வேலை பார்த்தார். கடைசியில் குணப்படுத்தியது என்ன தெரியுமா? ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் சாதாரணப் பண்டம். அதில் இருந்த மருந்துப் பொருளுக்கு அப்போது பெயர்கூட இல்லை. 1941-ல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள்.

லூசி வில்ஸ் பார்த்தது தாயின் ரத்தத்தை. குழந்தையின் மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ என்ற சந்தேகம் 1960-களில்தான் இங்கிலாந்தில் எழுந்தது. செல் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும். குழாய் மூடும் நாட்களில் செல்கள் பிரிகிற வேகத்துக்குக் கையிருப்பு போதாவிட்டால் வேலை பாதியில் நிற்கலாம்.

சந்தேகத்தைத் தீர்த்தது 1991-ல் முடிந்த ஒரு பெரிய ஆய்வு. 7 நாடுகள், 33 மருத்துவமனைகள். ஏற்கெனவே இந்தக் குறையுள்ள கர்ப்பத்தைச் சந்தித்த 1,817 பெண்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களிடம் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே, அப்படி எந்த முன்கதையும் இல்லாத பெண்களுக்கும் பலன் உண்டு என்று ஹங்கேரியிலிருந்து முடிவு வந்தது.

'கர்ப்பத்துக்கு முன்பிருந்தே' என்பதுதான் இதில் உயிர். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே, முடிந்தால் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்து, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் வரை தினம் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். இந்திய அரசின் பரிந்துரையும் இதே அளவுதான். கடையில் கிடைக்கும் மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் 5 மில்லிகிராம், அதாவது பன்னிரண்டரை மடங்கு. யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டாம்.

"முருங்கைக்கீரை, பாசிப்பயறு எல்லாம் சாப்பிடறேனே, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். இரண்டுமே நல்லவைதான், நிறுத்த வேண்டாம். ஆனால் கீரையில் இருக்கும் ஃபோலேட், கொதிக்க வைத்துத் தண்ணீரைக் கொட்டும்போது பெருமளவு போய்விடும். மிஞ்சுவதையும் உடம்பு மாத்திரை அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், முன்பு இப்படி ஒரு கர்ப்பத்தை இழந்தவர்கள் ஆகியோர் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரைப் பார்ப்பது அவசியம். வலிப்பு மாத்திரையைப் பயந்துபோய்த் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. அறுபதாம் நாளில்தான் ஆரம்பித்தோமே என்று கலங்கவும் தேவையில்லை. மாத்திரை போடாதவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்குக் குழாய் ஒழுங்காக மூடிக்கொள்கிறது. அன்று ஆரம்பித்த மாத்திரையும் தாயின் ரத்தத்துக்கு உதவும். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் இன்னொரு ஸ்கேன் என்று தவறாமல் எடுத்தால் போதும்.

குறை வந்துவிட்ட வீட்டில் அடுத்து நடப்பது பெரும்பாலும் விசாரணை. "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தே", "சொன்னா கேட்டாத்தானே" என்று அந்தப் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சிலருக்கு வரத்தான் செய்கிறது. பரம்பரைக் காரணங்களும் உண்டு, அது அப்பா வழியிலும் வரலாம். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அடுத்ததுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா, நானும் கூட வரட்டுமா?" அப்போது டாக்டர் எழுதும் சீட்டில் மாத்திரையின் அளவு 400 மைக்ரோகிராமாக இருக்காது, 4 அல்லது 5 மில்லிகிராமாக இருக்கும்.