பகலில் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

மாற்றலாகித் தில்லிக்கு வரும் நம்மவர்கள், சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். "கேபிள் போடலாமா, டிஷ் போடலாமா? பதிவு செய்யும் பெட்டி அவசியமா?" சாணக்யபுரியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள் என்பதால் என்னிடமும் இது அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். மாதம் எவ்வளவு ஆகும், கிரிக்கெட் தெளிவாகத் தெரியுமா, இந்த இரண்டும் தெரிந்தால் அவருக்குப் போதும். காலை ஒன்பதுக்கு அலுவலகம் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவர் அவர். இடைப்பட்ட பதினோரு மணி நேரமும் வீட்டில் இருப்பது அவருடைய தாயார், அல்லது மாமியார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பகலில் வீட்டில் இருப்பவர்தான் இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

என் மாமியார் அறுபத்தெட்டு வயது வரை கும்பகோணத்தில் இருந்துவிட்டு எங்களோடு வந்தவர். ஹிந்தியில் அவருக்குத் தெரிந்தது 'நஹி' ஒன்றுதான். அதைக் காய்கறிக்காரரிடம் தாராளமாகச் செலவு செய்வார். இந்தப் பக்கத்து வீதிகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். அகலமான சாலை, உயர்ந்த மரங்கள், தூதரக மதில், வாசலில் காவலர். திண்ணை கிடையாது, எதிர்வீடு என்று ஒன்றும் கிடையாது. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரும் நம் தமிழ்ச் சங்கமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரருக்கு அவையும் தூரம்தான். நாங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு வீட்டில் கேட்கும் ஒரே தமிழ்க் குரல் பெட்டியிலிருந்து வருவது. தொடர்களில் அழுகையும் சதியும் அதிகம் என்று கேலி செய்கிறோம், நானும் செய்வேன். "ஏம்மா, இந்த ஊர்ல மழைகூட ஹிந்தியிலதான் பெய்யுமா?" என்று அவர் ஒரு நாள் கேட்ட பிறகு, வாய்விட்டுக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தியாவில் தொலைக்காட்சி முதலில் வந்த ஊர் தில்லிதான், 1959 செப்டம்பர் 15 அன்று. சென்னைக்கு அது 1975இல்தான் போய்ச் சேர்ந்தது. அப்படியிருந்தும் பெட்டியில் தமிழ் கேட்க நாம் பட்ட பாடு பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை முறை வைத்துப் போடும். தமிழின் முறை வருகிற வாரம் பெட்டி உள்ள வீட்டில் பாய் விரித்து வைக்க வேண்டும். மற்ற வாரங்களுக்கு வீடியோ கேசட். சென்னையிலிருந்து வரும் உறவினர் 'ஒலியும் ஒளியும்' பதிவு செய்த கேசட்டை வடுமாங்காய் ஜாடியோடு கொண்டுவந்து இறக்குவார். அது வீடு வீடாகச் சுற்றி, படத்தில் கோடு விழுந்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்.

1993 ஏப்ரல் 14ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு அன்று, சன் டிவி தொடங்கியது. இனித் தமிழுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தோம். செயற்கைக்கோள் தமிழை இந்தியா முழுவதும் பொழிந்தது உண்மை. அதை வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறவர் கேபிள்காரர் அல்லவா? அவர் கம்பியில் அன்று இடம் குறைவு. தெருவில் நாற்பது வீடு, அதில் தமிழ் வீடு மூன்று என்றால் அந்த இடம் பஞ்சாபிக்கும் ஹிந்திக்கும்தான் போகும். எங்கள் பகுதிக்கு அந்நாளில் கம்பி இழுத்தவரிடம் கேட்டேன். "தமிழுக்கு இன்னும் பத்து வீடு சேர்த்துக் கொண்டு வாருங்கள் பஹன்ஜி" என்றார். வியாபாரம் அவருக்கு, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கேபிளின் இயல்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கேபிள் என்பது தெருவின் வோட்டு.

கும்பகோணத்தில் இதே கேபிள் ராஜபோகம். தெரு முழுவதும் தமிழ், ஆகவே கம்பி முழுவதும் தமிழ். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியது. ஊரிலிருந்து வருகிறவர்கள் "எங்களுக்கு எழுபது ரூபாய்தானே ஆச்சு" என்று இங்கே வந்து ஆச்சரியப்படுவார்கள். ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் இங்கே சிறுபான்மை என்பதைக் கேபிள் கம்பி அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. வேண்டிய சானலுக்கு மட்டும் பணம் என்ற ஏற்பாடு 2003 செப்டம்பரில் சென்னையில் வந்தது. 2006 டிசம்பர் 31 முதல் தென் தில்லியின் சில பகுதிகளிலும் வந்தது. கட்டணச் சானல் ஒன்றுக்கு மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். பிறகு 2012 அக்டோபர் 31ஆம் தேதியோடு தில்லியில் பழைய முறைக் கேபிள் நின்று, கேபிளுக்கும் செட் டாப் பெட்டி கட்டாயமாயிற்று. கம்பியில் இட நெருக்கடி அதோடு தீர்ந்தது. ஆனாலும் இங்கே விற்கப்படும் தொகுப்புகள் வடக்கத்தியருக்காகக் கட்டியவை. தமிழ் வேண்டுமென்றால் நாமாகத்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். 2019 பிப்ரவரி முதல் வந்த புதிய கட்டண முறையில் கேட்பது சுலபமாயிற்று. முதல் 100 சானல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சானலை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சன் டிவி அன்று 19 ரூபாய், வரி தனி. அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை ஆணையம் 2024 ஜூலையில் எடுத்துவிட்டதால் இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். ஆனால் ஒற்றைச் சானலாகக் கேட்டு வாங்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. கடைக்காரர் நீட்டும் பெரிய தொகுப்பை வாங்கிக்கொண்டு, பார்க்காத அறுபது சானலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தில்லித் தமிழ்க் குடும்பத்துக்கு நான் டிஷ்ஷைச் சொல்வதற்குக் காரணம் விலையே இல்லை. டிஷ்ஷில் தெருவைக் கேட்க வேண்டியதில்லை. மூன்று வீடாக இருந்தாலும், ஒற்றை வீடாக இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு ஒன்றுதான். இந்தியாவில் டிஷ் டிவி 2003இல் வந்தது, டாடா ஸ்கை 2006இல், சன் டைரக்ட் 2007 இறுதியில். டாடா ஸ்கைக்கு 2022 முதல் டாடா பிளே என்று பெயர். மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது. நாம் பொதிகை என்று அறிந்திருந்த, 2024 ஜனவரி முதல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சானல் அதில் கிடைக்கும். மற்றபடி தனியார் தமிழ்ச் சானல்களை எதிர்பார்த்து அதை வாங்க வேண்டாம்.

ஆனால் சாணக்யபுரியில் டிஷ் வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மரத்தை. இது வேடிக்கையல்ல. இந்தச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு அசையாமல் நிற்கின்றன. சென்னையிலிருந்து பார்த்தால் அவை உச்சியை ஒட்டி இருக்கும். உதாரணமாக 83 பாகை கிழக்கில் நிற்பது அடிவானத்திலிருந்து சுமார் 74 பாகை உயரத்தில். தில்லியிலிருந்து அதே கோள் சுமார் 56 பாகைதான். ஆகவே ஊரில் மொட்டை மாடியில் எந்த மூலையிலும் வைத்த டிஷ், இங்கே தெற்கே இருக்கும் வேப்பமரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் இலை குறைந்து படம் வருகிறது என்று மகிழ்ந்தவர்கள் தளிர் விட்டதும் தொலைபேசியில் சண்டை போடுகிறார்கள். தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த அரசுக் குடியிருப்பில் இருப்பவர்கள் மாடியில் டிஷ் வைக்க அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டவும். அனுமதியும் இல்லை, தெற்கு வானமும் இல்லை என்றால் கேபிள்தான். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

மழையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையைக் கனத்த மழை உறிஞ்சிவிடும். ஜூலை, ஆகஸ்டில் கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக நின்று, பிறகு மறையும். கேபிள்காரர் பெரும்பாலும் வேறு அலைவரிசையில், பெரிய டிஷ்ஷில் வாங்குகிறார். அதை மழை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அவர் கம்பி வழியில் வைத்திருக்கும் பூஸ்டருக்கு அந்தத் தெருவில் மின்சாரம் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. மாமியார் கணக்கில் மழை அரை மணியில் விடும், மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பதிவுப் பெட்டிக்கு வருவோம். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க் உள்ள செட் டாப் பெட்டி, அவ்வளவுதான். டாடா ஸ்கை 2008இல் இங்கே அதைப் பரவலாக விற்கத் தொடங்கியது. தொடரின் பெயரை ஒரு முறை குறித்துவிட்டால் தினமும் தானே பிடித்து வைக்கும். ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால் டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு இரண்டு கம்பி வர வேண்டும். ஒரே கம்பி போட்டுவிட்டுப் போகிறவரை விடாதீர்கள். எங்கள் வீட்டில் இது வந்த பின்தான் மாலை நேரத்து யுத்தம் ஓய்ந்தது. பேரன் பள்ளிவிட்டு வந்து அவன் நிகழ்ச்சியைப் பார்ப்பான், பாட்டியின் தொடர் உள்ளே பதிவாகும். மறுநாள் பதினோரு மணிக்கு, பருப்பு வேகும்போது, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். விளம்பரத்தை ஓட்டிவிடுவதில் அவருக்கு ஈடில்லை. காது சற்று மந்தமானவருக்குத் திருப்பிப் போட்டுக் கேட்கும் வசதி எவ்வளவு பெரியது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

அந்தப் பழைய கேசட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தையும் வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். கேசட் நம்முடையது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பத்து வருடம் பரணில் வைக்கலாம். பெட்டியில் பதிவானது பூட்டிய பதிவு. அந்தப் பெட்டியில், அந்தச் சந்தா இருக்கும்வரைதான் ஓடும். பெட்டி பழுதானாலும் நிறுவனத்தை மாற்றினாலும் உள்ளே இருப்பது போயிற்று. உறவுக்காரர் பையன் பாட்டுப் போட்டியில் கலந்துகொண்ட நிகழ்ச்சியை அதில் சேமித்து வைக்க நினைக்காதீர்கள்.

இளையவர்கள் சிரிக்கிறார்கள். "எல்லாம் செயலியில் இருக்கிறதே, பதிவு எதற்கு?" என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. டிஷ் சந்தாதாரர்களும் குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால் செயலி நடுப்பகலில் திடீரென்று வெளியே தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே வர ஆறு இலக்க எண் கேட்கும். அந்த எண் அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும் மகனின் கைப்பேசிக்குப் போகும். ஆங்கிலப் படங்களும் ஹிந்திப் படங்களும் வரிசை கட்டிய திரையில் தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எழுபது வயதில் தேட வேண்டும். ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தினால் தமிழ் வர வேண்டும். அந்த வசதியை விட்டுக்கொடுக்கும்படி அவர்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. செயலியை வேண்டுமானால் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையான மனக்குறை வேறொன்றில் இருக்கிறது. நம்மில் பலர் மத்திய அரசு ஊழியர்கள், சில வருடத்துக்கொரு முறை ஊர் மாறுகிறவர்கள். டிஷ்ஷைக் கழற்றி எடுத்துப் போகலாம், புது ஊரில் கோணம் மாற்றித் திருப்பினால் போதும். கேபிளுக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் நிறுவனத்தை மாற்ற நினைத்தால் பெட்டி வெறும் தகரம். கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. பெட்டிக்கு அப்படி ஒரு வசதி இல்லை. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமே 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. பெரும்பான்மைக்கு இது சிறிய தொல்லை. தமிழ்ச் சானல் குறைந்த ஒரு நிறுவனத்தில் மாட்டிக்கொண்ட நம் வீட்டுப் பாட்டிக்கு, இன்னொரு பெட்டி வாங்கும் வரை நாள் முழுவதும் பேச்சுத் துணை இல்லை.

ஆணையம் இத்தகைய விஷயங்களில் முடிவெடுக்குமுன் கருத்தறியும் அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கிறது. நிறுவனங்கள் தவறாமல் எழுதுகின்றன. அடுத்த முறை நம் சங்கத்தின் பெயரிலும் ஒரு கடிதம் போகட்டும். எழுதிக் கொடுக்க நான் தயார். உங்கள் வீட்டுப் பெட்டியில் எத்தனை தமிழ்ச் சானல் வருகிறது, பகலில் யார் பார்க்கிறார்கள், நிறுவனம் மாற்ற முயன்றபோது என்ன செலவாயிற்று என்ற விவரங்களை அரைப் பக்கத்தில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பாட்டிமார்கள் தாங்களே எழுதினால் இன்னும் நல்லது. தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் மாற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.