கதைக்குள் ஒளியும் விளம்பரத்துக்கு மட்டும் விலக்கா?

சமூக ஊடகத்தில் ஒரு முகப்பூச்சைப் புகழும் இளம்பெண், அதற்குப் பணமோ பொருளோ வாங்கியிருந்தால் 'இது விளம்பரம்' என்று சொல்லியே ஆக வேண்டும். இன்ஃப்ளூயன்சர்களுக்கு 2023 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50 லட்சம் வரை. நல்ல விதி. ஆனால் அதே முகப்பூச்சை ஒரு படத்தின் நாயகியோ நெடுந்தொடரின் மருமகளோ கதைக்குள் எடுத்துப் பூசினால், பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று தெளிவாக ஒரு வரி எழுத டெல்லிக்கு மனம் வரவில்லை. சிறியவர்களைப் பிடித்துப் பெரியவர்களை விட்ட முடிவு இது.

இந்தத் தொழில் நடக்கும் விதம் ரகசியமல்ல. படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதை இடைத்தரகு நிறுவனத்தின் மேஜைக்குப் போகிறது. எந்தக் காட்சியில் கார் வருகிறது, எங்கே காபி குடிக்கிறார்கள், எப்போது கைப்பேசி ஒலிக்கிறது என்று குறித்துப் பட்டியல் போடுகிறார்கள். பின்னணியில் தெரிந்தால் ஒரு விலை, நாயகன் கையில் எடுத்தால் ஒரு விலை, பெயரை வாயால் சொன்னால் இன்னொரு விலை. பணம் தராத நிறுவனம் வண்டிகளை இலவசமாகத் தரும். அல்லது தன் செலவில் படத்தை விளம்பரப்படுத்தும். படம் எடுத்து முடிந்த பிறகும் வெற்றுச் சுவரில் கணினி வழியே ஒரு பெயரை ஏற்றிவிடலாம். தயாரிப்பாளரின் சுமை குறைவதில் நமக்கு வருத்தமில்லை. மறைப்பதைத்தான் ஏற்க முடியாது.

அதிலும் குழந்தைகள் விஷயத்தில் பொறுக்கவே முடியாது. இடைவேளை விளம்பரம் வந்தால் பெற்றோர் சேனலை மாற்றலாம், 'அது விளம்பரம்' என்று பிள்ளைக்குச் சொல்லலாம். தனக்குப் பிடித்த நாயகன் காட்சியின் நடுவே சர்க்கரை பானத்தைத் திறந்து குடிக்கும்போது என்ன சொல்வது? சிறுவர் பாட்டுப் போட்டியில் நடுவரின் மேஜைமேல் பெயர் தெரியும்படி திருப்பி வைத்த பாட்டிலை எட்டு வயதுப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? அதற்குத் தெரிந்ததெல்லாம், தான் நேசிக்கும் முகம் அதைக் குடிக்கிறது என்பதே. அந்த நேசத்தைத்தான் விலைபேசியிருக்கிறார்கள். படத்தில் சிகரெட் பெட்டி தெரிந்தால் பெயரை மறைக்கச் சொல்கிறது நம் சட்டம். திரையில் தெரியும் பெயர் பொருளை விற்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு வேறு சான்று வேண்டுமா? பிரிட்டன் 2011 பிப்ரவரியில் இந்த வகை விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் அனுமதித்தபோதே, திரையில் அடையாளக் குறி காட்ட வேண்டும் என்றது. சிறுவர் நிகழ்ச்சிகளில் கூடவே கூடாது என்றது. மதுவையும் சூதாட்டத்தையும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களையும் விலக்கியது.

நம்மிடம் விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்கின்றன 1994 கேபிள் தொலைக்காட்சி விதிகள். அதை எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றார்கள். சேனல்கள் நீதிமன்றம் போனதும் அது ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2005இல் திரையில் புகைபிடிக்கும் காட்சிக்கே தடை என்றார்கள். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2024 ஜூனில் எல்லா விளம்பரத்துக்கும் சுய உறுதிமொழிச் சான்று என்றார்கள். அடுத்த மாதமே உணவு, சுகாதாரத் துறைகளோடு போதும் என்று சுருக்கினார்கள். புதிய ஒளிபரப்பு மசோதாவின் வரைவையும் அதே ஆண்டு திரும்பப் பெற்றார்கள். மதுவின் பெயரில் சோடாவும் பான் மசாலாவின் பெயரில் ஏலக்காயும் விற்பதை இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இவர்களே.

பணம் கைமாறியது என்றால் பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும், படம், தொடர், ஓடிடி எதுவானாலும். அதை எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து பேசட்டும். கையில் ஒரு கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் பெண்ணிடம் 50 லட்சம் அபராதம் பேசத் தெரிந்தவர்களுக்கு, பெரிய ஸ்டுடியோக்களின் வாசலில் மட்டும் ஏன் குரல் எழும்பவில்லை?