சொல்வது வேறு, உத்தரவு வேறு

நமது சங்கத்துக் குடும்பங்களில், மாதாப்பூர், கச்சிபௌலி பக்கத்துக் கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் பலர் உளர். அங்கெல்லாம் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுவதைவிட, நிறுவனத்தின் உள் வலையமைப்பில் உடனடிச் செய்தி அனுப்புவதே பெருவழக்கு. ஸ்லாக் 2014-ஆம் ஆண்டிலும், மைக்ரோசாப்ட் டீம்ஸ் 2017-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தமிழகத்து ஜோஹோ நிறுவனத்தாரின் கிளிக் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அரசாங்க ஊழியர்களுக்கென்று தேசியத் தகவல் மையம் 'சந்தேஸ்' என்ற செயலியை அமைத்திருக்கிறது. இவற்றைக் கையாளும் முறை பற்றி இத்திங்கள் சில சொற்கள்.

இதன் சௌகரியத்தை மறுப்பதற்கில்லை. ஒரு கோப்பு எங்கே இருக்கிறது, கூட்டம் எத்தனை மணிக்கு என்பன போன்ற சிறு வினாக்களுக்கு நொடியில் விடை கிடைக்கிறது. ஆயினும் வினாவுக்கு உகந்த கருவியை உத்தரவுக்கும் பயன்படுத்துவதால்தான் தொல்லை பிறக்கிறது. "சரி, செய்துவிடுங்கள்" என்று மேலதிகாரி இரண்டு சொல் அனுப்புகிறார். எதைச் செய்வது, எந்த நாளுக்குள், யார் பொறுப்பில் என்பது அதில் இல்லை. பின்னர் காரியம் பிசகினால், பழி கடைசியில் கையிட்டவர் தலையிலேயே விழும்.

இவ்விஷயத்தில் ரயில்வேயின் பழைய வழக்கம் ஒன்று நினைக்கத் தக்கது. அடுத்தடுத்த நிலையங்களின் ஸ்டேஷன் மாஸ்டர்கள் தொலைபேசி மூலம் 'லைன் கிளியர்' கேட்டுக் கொடுக்கும்போது, வாய்ச்சொல் மட்டும் போதாது. அனுமதி கொடுப்பவர் தமக்கு வழங்கப்பட்ட தாளிலிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' சொல்லுவார்; கேட்டவர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பயன்பட்ட எண் அடிக்கப்பட்டுவிடும். எவர், எந்த வண்டிக்கு, எப்போது இசைந்தார் என்பதில் பிறகு ஐயமே எழாது. நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்த ஓர் எண்ணை நம்பிப் பயணம் செய்கின்றன.

அலுவலகச் செய்திக்கும் இதே நெறி பொருந்தும். செய்தியைப் படித்தார் என்று காட்டும் குறி, இசைந்தார் என்பதற்குச் சான்றாகாது. ஆதலால் பணமோ, கெடுவோ, பிறர் உரிமையோ சம்பந்தப்பட்ட காரியமானால், "தாங்கள் சொன்னபடி இன்ன காரியத்தை, இன்ன தேதிக்குள் முடிக்கிறேன், சரிதானே?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி, பதில் பெற்ற பிறகு தொடங்குக. இதில் அவமதிப்பு எதுவுமில்லை. நல்ல அதிகாரி இதை வரவேற்பார். ரயில்வேயிலும் 2019-ஆம் ஆண்டு முதல் ரெயில்டெல் வழியாக மின்-அலுவலக முறை பரவியிருக்கிறது. காகிதம் மறைந்தாலும், குறிப்பு எழுதி ஒப்பமிடும் கடமை அதில் மறையவில்லை.

மற்றொன்று. நிறுவனத்தின் வலையமைப்பில் எழுதுவது நிறுவனத்தின் கணினியில் தங்கும். தேவையேற்பட்டால் நிர்வாகம் அதை எடுத்துப் பார்க்கக்கூடும். மேலாளரைப் பற்றிய கேலியும், சம்பளத்தைப் பற்றிய முணுமுணுப்பும் அங்கே வேண்டாம். அதற்கு அஞ்சி அலுவலகக் கோப்புகளை வெளியிலுள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதனினும் தீது. வாடிக்கைக்காரரின் இரகசியம் ஒருமுறை வெளியேறினால் திரும்பி வாராது. வேலைக்கே ஆபத்தாய் முடியும்.

அயலூரில் வாழும் நமக்கு இன்னுமொரு கவனம் தேவை. தெலுங்கரும் வடநாட்டவரும் உள்ள பொதுக் குழுவில் தமிழர் இருவர் தமிழிலேயே உரையாடினால், தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று பிறர் ஐயுறுவர். தமிழில் பேசும் இன்பத்தைத் தனிச் செய்திக்கும், நமது சங்கக் கூட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாய் வேலையில் சேரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இவற்றை முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்வது நலம். விரைவாகக் கேளுங்கள், நிதானமாக உறுதி செய்துகொண்டு காரியத்தில் இறங்குங்கள்.