ரத்தத்தைச் சோதித்தால் ஒழுக்கம் தெரியுமா?

பிழைப்புக்காக அயல்நாட்டிலிருந்து வருகிறவர்களை ஒரு சர்க்கார் சோதிக்கலாமா? சோதிக்கலாம். குழந்தைகளை ஒப்படைக்கும் வேலையானால் சோதித்தே தீரவேண்டும். இதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் எதைச் சோதிக்கிறார்கள், யாரைச் சோதிக்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள்? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டால் நியாயம் எது, அநியாயம் எது என்பது வெளிச்சமாகிவிடும்.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே இங்கிலீஷ் படிப்பு பெரிய வியாபாரம். 'ஹாக்வன்' என்னும் தனியார் டியூஷன் பள்ளிகள் ஏராளம். அவற்றுக்கும் சர்க்கார் பள்ளிகளுக்கும் 'ஈ-2' என்ற விசாவில் வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுப் பிரஜைகளே இந்த விசாவில் பெரும்பாலும் வருகிறார்கள்.

2007 அக்டோபரில் கனடாக்காரன் ஒருவன் குழந்தைகளிடம் பாதகம் செய்ததற்காகத் தாய்லாந்தில் கைதானான். முன்பு அவன் கொரியாவில் வாத்தியார் வேலை பார்த்தவன். கொரியப் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. சர்க்கார் அவசர அவசரமாக விதி போட்டது. ஈ-2 ஆசிரியர்கள் குற்றப் பதிவுச் சான்று தரவேண்டும். போதைப்பொருள் சோதனைக்கும் எச்.ஐ.வி. ரத்தச் சோதனைக்கும் உட்படவேண்டும் என்றது.

குற்றப் பதிவைக் கேட்டது நியாயம். அது குழந்தைக்குக் காவல். ரத்தத்தைக் கேட்டது எதற்கு? பாடம் சொல்லிக் கொடுப்பதால் எச்.ஐ.வி. பரவாது. கைதானவன் செய்ததோ குற்றம், அது வியாதியல்ல. ஆயிரம் முறை ரத்தம் எடுத்தாலும் அப்படிப்பட்டவன் அகப்படமாட்டான். அதே பள்ளியில் அதே பாடத்தை நடத்திய கொரிய ஆசிரியருக்கு இந்தச் சோதனை இல்லை. கொரிய வம்சாவளியில் வந்த அயல்நாட்டுப் பிரஜைக்கும் இல்லை. ஆகவே இது நோய்த் தடுப்பு அல்ல. அந்நியன் என்றால் அசுத்தம் என்ற எண்ணத்துக்குச் சட்டப் போர்வை!

நியூஜிலாந்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை இதை எதிர்த்து நின்றார். உல்சான் நகரில் வேலை பார்த்த அவரை 2009-ல் மீண்டும் ரத்தச் சோதனைக்கு வா என்றார்கள். அவர் மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை; வேலை போயிற்று. அவர் ஐக்கிய நாடுகளின் இனப் பாகுபாடு ஒழிப்புக் கமிட்டியிடம் முறையிட்டார். இந்தச் சோதனை இனப் பாகுபாடே என்று 2015-ல் கமிட்டி கூறியது. 2017-ல்தான் ஈ-2 ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. சோதனை கைவிடப்பட்டது. 2019-ல் அவருக்கு 3 கோடி வொன் நஷ்டஈடு தரும்படி கொரிய நீதிமன்றம் சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்க 10 வருஷம்!

அந்தப் புத்தி அதோடு ஒழிந்ததா? இல்லை. 2021 மார்ச்சில், கொரோனா காலத்தில், அந்நியத் தொழிலாளர் அனைவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சியோல் நகர நிர்வாகம் உத்தரவு போட்டது. கண்டனம் கிளம்பவே சில நாளில் வாபஸ் வாங்கியது. ஒரே பட்டறையில் தோளோடு தோள் நின்று உழைப்பவர்களில் கொரியனை விட்டு அந்நியனை மட்டும் பிடித்தால் கிருமி அடங்கிவிடுமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிலாளியைத் தலைமுதல் கால்வரை துருவுகிற சர்க்கார், முதலாளியின் கைக்குக் கொடுத்திருப்பது என்ன? ஆசிரியரின் விசா அவரை வேலைக்கு வைத்தவரோடு பிணைந்திருக்கிறது. ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைக்க வரும் 'ஈ-9' தொழிலாளியின் கதி இதைவிட மோசம். அவர் நினைத்தபடி வேலையிடம் மாற முடியாது. கூலி பாக்கியா, வசவா? எதிர்த்துக் கேட்டால் பிழைப்போடு நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். வெள்ளைச் சட்டை வாத்தியாரையும் எண்ணெய்ச் சட்டைத் தொழிலாளியையும் ஒரே கயிறுதான் கட்டுகிறது.

ஆலை வாசலில் தொழிலாளியை மட்டும் தடவிப் பார்த்து, முதலாளியின் காருக்குச் சலாம் போடும் காவல் எப்படிப்பட்டது என்று நம் தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாம் சொல்வது இதுதான்: வேலைக்கு வேண்டியதைச் சோதியுங்கள். உள்ளூரான், அயலூரான் என்று பாராமல் எல்லோரையும் ஒன்றுபோல் சோதியுங்கள். கூலியைப் பிடித்துவைக்கும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தையும் அதே கண்டிப்போடு சோதியுங்கள். அப்படிச் செய்தால் அது பாதுகாப்பு. அந்நியனை மட்டும் சோதித்தால் அது அவமானமே.