படகேறி வரும் பெட்டி

மேல்வைத்தியமாயினும் அரச அலுவலாயினும் அனலைதீவார் படகேறியே ஆகவேண்டும். ஆனால் ஒரு நாள் மட்டும் அரசாங்கமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களை நாடிப் படகேறி வருகிறது. அதுவே தேர்தல் நாள். அந்நாளின் அருமையை நம்மவரிற் சிலர் உணர்வதில்லை. ஒரு வாக்கால் ஆவதென்ன என்று கமக்காரர் தோட்டத்துக்குப் போய்விடுகின்றனர். படித்த உத்தியோகத்தரோ, இன்னும் மோசம், அரசியல் சாக்கடையென மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர்.

1931க்கு முன் இந்நாட்டு மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தோர் நூற்றுக்கு நால்வர் அளவினரே. 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவர்க்கும் அவ்வுரிமை வந்தபோது சர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியோரே அதனை விரும்பினாரல்லர். துலா மிதிப்பவனுக்கும் புறக்டருக்கும் ஒரே வாக்காயிற்று.

கிடைத்ததை நாம் என் செய்தோம்? பூரண சுயராச்சியம் தரப்படவில்லையென யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்காரம் கோரிற்று. ஊர்காவற்றுறை உட்பட நான்கு தொகுதிகளில் ஒருவர்தானும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. நோக்கம் உயர்ந்ததே; அதனை இழித்துரையோம். எனினும் 1934இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை அரசாங்க சபையில் தீவகத்துக்கெனப் பேச ஒரு பிரதிநிதி இருக்கவில்லை. சபை நம் பொருட்டுக் காத்திருக்கவுமில்லை.

அது நாமே விட்டது. மலையகத் தமிழருக்கோ 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வுரிமையைப் பறித்தன. 1947இல் தம் பிரதிநிதிகளை அனுப்பியோர் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாது நின்றனர்.

1994 ஒகஸ்ட் தேர்தலை இன்னும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். யுத்தம் காரணமாகக் குடாநாட்டில் வாக்களிப்பு நடைபெறவில்லை. வாக்களிக்க வாய்ப்பிருந்தது தீவகத்திலேயே. யாழ். மாவட்டத்தில் ஏறத்தாழ 6 இலட்சம் வாக்காளர் பதிவாகியிருக்க, வாக்களித்தோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஒரு சுயேச்சைக் குழு 11,000க்கும் குறைந்த வாக்குகளைப் பெற்று, 10 ஆசனங்களில் 9ஐக் கொண்டுசென்றது. சட்டப்படி அதிற் குற்றமில்லை. போடப்படாத வாக்கு சும்மா கிடப்பதில்லை. போட்டவனுடைய வாக்கின் கனத்தைக் கூட்டிவிடுகிறது. அன்று குடாநாட்டார் வாக்களிக்க இயலாதிருந்தனர். இன்று நம்மைத் தடுப்பது யார்?

தேர்தலைத் தள்ளிப்போடும் வித்தையையும் கண்டுவிட்டோம். 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்திலேயே நடந்தேறியது. 2018இல் காலம் முடிந்த வட மாகாண சபைக்கோ ஏழாண்டுகள் சென்றும் தேர்தல் வரவில்லை. தேர்தல் நாளில் வீட்டிலிருப்போரின் தொகையை எண்ணிப்பார்த்தே கொழும்பு இவ்வாறு துணிகிறதோ என ஐயுறுகிறோம்.