முப்பது நாள் யாருக்கு?

பழுத்த தக்காளி குழைவது ஏன்? பழத்தின் செல்கள் செங்கல் என்றால், அவற்றை ஒட்டிவைக்கும் சாந்து பெக்டின். காய் கனியும்போது சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கி நொதிகளைச் செய்கின்றன. நொதி சாந்தைக் கரைக்கிறது, சுவர் தளர்கிறது, பழம் குழைகிறது. அந்த மரபணுவை அடக்கிவிட்டால்? விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கால்ஜீன் கம்பெனி, பாலிகேலக்டூரனேஸ் என்ற நொதியை அடக்கி, ‘பிளேவர் சேவர்’ தக்காளியை 1994-ல் கடைக்கு அனுப்பியது. ஆரவாரம் பெரிது, ஆயுளோ சிறிது! செடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்த பழம் லாரிப் பயணத்தைத் தாங்கவில்லை. செலவு ஏறியது. சில ஆண்டுகளில் சரக்கு சந்தையை விட்டே மறைந்தது. சாந்தைக் கரைப்பது ஒரே நொதி அல்ல என்பது தெளிவாயிற்று.

2010-ல் டெல்லியிலுள்ள தேசிய தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனம் வேறு இரண்டு நொதிகளை அடக்கி, பழத்தின் ஆயுளைச் சுமார் 30 நாள் கூட்டிக் காட்டியது. மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது, பாராட்டுகிறோம். அந்தத் தக்காளி இன்னும் சந்தைக்கு வரவில்லை. நாளை வந்தால், அந்த 30 நாள் யார் கைக்குப் போகும்?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தொழிலாளி வீட்டுக் குழம்பில் தக்காளி இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விலை சரிந்தது. ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் விவசாயிகள் விளைந்ததைச் சாலையில் கொட்டினார்கள். இரண்டு முறையும் அடிபட்டவர்கள் உழைப்பவர்களே!

பறித்த அன்றே விற்றாக வேண்டும் விவசாயிக்கு. பறிப்புக் கூலி, லாரி வாடகை, மண்டிக்காரரிடம் வாங்கிய முன்பணம், எல்லாம் வாசலில் நிற்கின்றன. பழம் காத்திருக்கும், கடன் காத்திருக்குமா? கிடங்கு வைத்திருப்பவரோ வாங்கிப் பூட்டிவைத்து, விலை ஏறிய பின் திறப்பார். கிடங்கு யாருடையதோ, 30 நாளும் அவருடையதே.

விஞ்ஞானத்தோடு நமக்குப் பகையில்லை. தீரச் சோதித்துத் தீங்கில்லை என்று உறுதியானால், அந்த விதை வரட்டும். பொதுத்துறை வழியே, நியாய விலைக்கு வரட்டும். கூடவே விளையும் ஊர்களில் கூட்டுறவுக் குளிர்பதனக் கிடங்கும், கட்டுப்படியாகும் கொள்முதல் விலையும் வரவேண்டும். இவை இல்லாமல் பழத்துக்கு மட்டும் ஆயுளைக் கூட்டினால், நீளப்போவது பதுக்கலின் ஆயுள்தான்.