வெண்டைக்கு எத்தனை மூட்டை?

நகரியை ஒட்டியிருக்கும் விஜயபுரம் மண்டலத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். எல்லையைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம். வெண்டைக்காய் அந்தப் பக்கம் பெண்டகாயா ஆகிவிடுகிறது. உரக்கடையில் கேட்கப்படும் கேள்வி மட்டும் மாறுவதில்லை: ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி சாதாரண ரகங்களுக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரம். அடியுரமாகத் தழைச்சத்து 20 கிலோ, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 30. விதைத்த 30-ம் நாள் மேலுரமாக இன்னும் 20 கிலோ தழைச்சத்து. இதை ஏக்கர் கணக்குக்கு மாற்றினால்தான் விஷயம் புரியும். மணிச்சத்துக்காக 43 கிலோ டி.ஏ.பி. போட்டாலே, அதிலுள்ள 18 சதவீதத் தழைச்சத்து அடியுரத் தேவையை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. பொட்டாஷ் 20 கிலோ போதும். மேலுரத்துக்கு யூரியா வெறும் 17 கிலோ. அதாவது 45 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை.

ஆனால் மூட்டையைப் பிரித்தவர் மீதியைக் கட்டி வைப்பது அபூர்வம். காரணம் விலை. 1992 ஆகஸ்டில் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. யூரியா மட்டும் தப்பியது. 2010-ல் வந்த சத்து அடிப்படையிலான மானியமும் அதைத் தொடவில்லை. மலிவான உரம் தாராளமாகவே வயலுக்குப் போகிறது.

செடி கருகருவென்று தழைத்து நிற்பதைப் பார்க்க மனசு நிறையும். காய்தான் வராது. தழைச்சத்து ஓரளவு வரைதான் மகசூலைக் கூட்டும்; அதற்கு மேல் இலையைப் பெருக்கி, பூப்பதைத் தள்ளிப்போடும். இளந்தழைக்குத் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் படையெடுக்கும். வெண்டைக்குப் பெரிய எதிரியான மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது இந்த வெள்ளை ஈதான். ஒரு காலத்தில் நோயைத் தாங்கிய பூசா சவானியே பிறகு அதற்குப் பலியானது. ஆக, கூடுதல் யூரியாவுக்குப் பின்னாலேயே பூச்சிமருந்துச் செலவும் வருகிறது.

வீரிய ஒட்டு ரகம் என்றால் கதை வேறு. அதற்குப் பரிந்துரை எக்டேருக்கு 200:100:100. பக்கத்து வயல்காரர் போட்டதைப் பார்த்துப் போடுகிறவர், முதலில் அவருடைய விதைப் பொட்டலத்தைப் பார்ப்பது நல்லது.

உண்மையான தட்டுப்பாடு தொழுவுரத்தில்தான். ஏக்கருக்கு 10 டன் என்பது மாடு வைத்திருப்பவருக்கே பெரிய அளவு. மாட்டை விற்றுவிட்டவர் எங்கே போவார்? அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் எக்டேருக்கு 2 கிலோ வீதம் கலந்து போடலாம். ஆனால் அவற்றையும் 20 கிலோ தொழுவுரத்தில் கலந்துதான் போட வேண்டும்.